குறுக்கெழுத்தின் நேர்மை



"பகல் விளக்கினுள் ஒளிந்திருக்கும் அழியாச் செல்வம், எழுத்து மூன்று." இப்படி ஒரு குறிப்பை உங்கள் முன் வைத்தால் என்ன செய்வீர்கள்? பகலில் விளக்கு எதற்கு என்று முதலில் வியப்பீர்கள். பிறகு, விளக்குக்குள் ஒளிந்திருக்கும் செல்வம் எண்ணெயோ திரியோ என்று எண்ணிப் பார்ப்பீர்கள். அவ்வழியில் எத்தனை நாழிகை நடந்தாலும் விடை கிட்டாது. பொருளைச் சற்றே மறந்து எழுத்தை மட்டும் பாருங்கள். ப, க, ல், வி, ள, க், கு. இவற்றில் இரண்டாம் எழுத்துத் தொடங்கி நான்காம் எழுத்து முடியப் படித்தால் 'கல்வி' என்னும் சொல் தானே எழுந்து நிற்கிறது. அழியாச் செல்வம் எது என்னும் ஐயமும் உடனே தீர்ந்துவிடுகிறது.

இங்ஙனம் ஒரு சொல்லைக் காட்டுவது போல மறைத்து, மறைப்பது போலக் காட்டும் கலை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டில் தழைத்தது. குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பு எழுதும் கலைதான் அது. விளையாட்டுத்தானே என்று அதைத் தள்ளிவிடலாம். ஆயினும் அந்த விளையாட்டின் வரலாற்றில் செய்தித்தாள் ஆசிரியர்களும், பள்ளித் தலைமையாசிரியர்களும், போர்க்கால ஒற்றறியும் துறையினரும், நமது உச்ச நீதிமன்றத்து நீதிபதிகளும் கூட வருகிறார்கள். ஒரு குறிப்பு எப்போது நேர்மையானது, எப்போது ஏமாற்று என்னும் கேள்வியே அவர்கள் அனைவரையும் ஒரு கதையில் சேர்க்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

எழுத்துகளைக் கட்டத்தில் அடுக்கி விளையாடும் ஆசை மிகப் பழமையானது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தின் சுவரில், ஐந்து லத்தீன் சொற்களை ஐந்துக்கு ஐந்தாக அடுக்கிய சதுரம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இடமிருந்து படித்தாலும், வலமிருந்து படித்தாலும், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாலும் அதே ஐந்து சொற்கள் வருகின்றன. ஆனால் அதில் குறிப்பு என்று ஒன்றும் இல்லை. குறிப்பும் கட்டமும் ஒன்றாகச் சேர்ந்து இன்று நாம் அறிந்த வடிவம் பெறுவதற்கு 1913ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் அமெரிக்கச் செய்தித்தாளின் வேடிக்கைப் பகுதியில் வைர வடிவான புதிர் ஒன்று வெளிவந்தது. அதை அமைத்தவர் ஆர்தர் வின். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவர் தம் புதிருக்குச் 'சொற்குறுக்கு' என்று பொருள்படும்படி 'வேர்டு கிராஸ்' என்றே பெயரிட்டார். சில வாரங்களுக்குப் பின் அச்சுக்கோத்தவர் கைத்தவறுதலாகப் பெயரின் இரு பாதிகளையும் இடம் மாற்றிவிட்டார். 'கிராஸ் வேர்டு' என்று அது மாறியது. சொற்களை இடம் மாற்றி விளையாடும் ஒரு கலைக்கு, இடம் மாறிய சொல்லாலேயே பெயர் அமைந்தது பொருத்தந்தான்!

வின் எழுதிய குறிப்புகள் பெரும்பாலும் நேரான பொருள் விளக்கங்கள். அகராதியைத் திருப்பிப் பிடித்தாற்போல, பொருளைக் கொடுத்துச் சொல்லைக் கேட்பவை. கோமுட்டி என்னும் பனையின் நாருக்கு என்ன பெயர் என்று அவருடைய முதற் புதிரில் ஒரு கேள்வி இருந்தது. அதற்குரிய மூன்றெழுத்துச் சொல்லை அறிந்தவர் எழுதினார். அறியாதவர் குறுக்கே வரும் மற்றச் சொற்களின் தயவை நாடினார். எவ்வளவு சிந்தித்தாலும் அறியாத சொல்லை அக்குறிப்பு கற்றுத் தராது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

1924-இல் சைமன், ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் புத்தக வெளியீட்டில் இறங்கினார்கள். அவர்களுடைய முதல் வெளியீடு குறுக்கெழுத்துப் புதிர்களின் தொகுப்பு. வாங்குவோர் உடனே எழுதத் தொடங்குவதற்காக ஒவ்வொரு பிரதியுடனும் ஒரு பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அமெரிக்கா முழுவதும் குறுக்கெழுத்து மோகம் பரவியது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழோ அதே ஆண்டில், இது பாவமான காலவிரயம் என்னும் கருத்துப்படத் தலையங்கம் தீட்டியது. பதினெட்டு ஆண்டுகள் உறுதியாக நின்ற அந்த நாளிதழ், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் தானும் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கியது. போர்ச் செய்திகளைப் படித்துப் படித்துச் சோர்ந்த வாசகர்களுக்குச் சிறிது ஆறுதல் வேண்டும் என்னும் எண்ணம் அம்மாற்றத்திற்கு ஒரு காரணம். புதிர்ப் பகுதியின் பொறுப்பை ஏற்றவர் மார்கரெட் ஃபரார் அம்மையார். 1924-இல் அந்த முதல் தொகுப்பை உருவாக்கிய மூவருள் அவரும் ஒருவர்.

கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தபோது புதிரின் குணம் மாறியது. 1925-இல் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழும், 1930 பிப்ரவரி 1ஆம் நாள் 'தி டைம்ஸ்' நாளிதழும் குறுக்கெழுத்தைத் தொடங்கின. டைம்ஸின் முதற் புதிரை அமைத்த ஏட்ரியன் பெல் கிராமத்தில் வேளாண்மை செய்து, அவ்வாழ்வை நூல்களாக எழுதியவர். ஏரும் எருவும் அறிந்த கையே அடுத்த பல பத்தாண்டுகள் இலண்டன் மக்களின் காலைப்பொழுதுக்குப் புதிர் வகுத்தது. வாசகர் அறிந்திருக்கிறாரா என்று சோதிப்பது அமெரிக்கப் புதிர். வாசகர் ஏமாறாமல் படிக்கிறாரா என்று சோதிப்பது ஆங்கிலப் புதிர். இந்த வேற்றுமைக்கு வித்திட்டவர்களுள் தலையாயவர் ஒரு கவிஞர்.

அவர் பெயர் எட்வர்டு பவுயிஸ் மாதர்ஸ். 1926 முதல் 1939-இல் தாம் மறையும் வரை 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் புதிர் எழுதியவர். தொர்க்கேமாதா என்பது அவர் புனைபெயர். ஸ்பெயின் நாட்டில் சமய விசாரணை என்னும் பெயரால் மக்களை வதைத்த கொடியவனின் பெயர் அது. வாசகர்களை வதைப்பதே தம் வேலை என்று நகைச்சுவையாக அவர் அப்பெயரைச் சூடிக்கொண்டார். நமக்கு அவரிடம் இன்னோர் உறவும் உண்டு. காஷ்மீரக் கவி பில்ஹணர் வடமொழியில் பாடிய 'சௌரபஞ்சாசிகா' என்னும் காதல் நூலை, 'கருஞ்சாமந்திகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலக் கவிதையாக ஆக்கியவரும் இவரே. ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் சொல்லால் நிறுத்துப் பார்த்த அந்தக் கைதான் புதிர்க் குறிப்பிலும் சொல்லின் எடையோடு விளையாடியது.

தொர்க்கேமாதாவும் அவர் வழிவந்தவர்களும் கையாண்ட உத்திகளை ஆங்கிலச் சொற்களால் விளக்கினால் வானொலியில் கேட்போர்க்கு எளிதில் விளங்காது. ஆகவே தமிழிலேயே சில குறிப்புகளை அமைத்துக் காட்டுகிறேன்.

முதலாவது, எழுத்து மாற்றம். "நகரம் குழம்பினால் பாவிகள் சேரும் இடம், எழுத்து நான்கு." 'நகரம்' என்பதன் எழுத்துகள் ந, க, ர, ம். அவற்றைக் கலைத்து அடுக்கினால் 'நரகம்' வருகிறது. 'குழம்பினால்' என்ற சொல் நகர மக்களின் குழப்பத்தைச் சொல்வது போலத் தோன்றி, எழுத்துகளைக் குழப்பச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியே நிற்பதால் இவ்வுத்தி மிக எளிதாக அமையும். செவிகொடுத்துக் கேள் என்று பொருள்படும் 'லிசன்' என்ற சொல்லின் ஆறு எழுத்துகளை மாற்றி அடுக்கினால், அமைதி என்னும் பொருள் தரும் 'சைலன்ட்' கிடைக்கும். தமிழில் உயிர்மெய் ஒரே கட்டத்தில் அடங்குவதால் இத்தகைய இணைகள் அரிது. அரிதாகையால் கிடைக்கும்போது இன்பமும் மிகுதி.

இரண்டாவது, சேர்க்கை. "பல கரங்கள் கூடினால் ஆசிரியர் எழுதுமிடம், எழுத்து மூன்று." கரம் என்பது கை. 'பல'வும் 'கை'யும் கூடினால் 'பலகை'. மூன்றாவது, திருப்பம். "சிறையிலிருப்பவன் திரும்பினால் மலைத்து நில், எழுத்து இரண்டு." 'கைதி'யைத் திருப்பிப் படித்தால் 'திகை'. நான்காவது, தலைநீக்கம். "தலையிழந்த பரி கடலில் தோன்றும், எழுத்து இரண்டு." பரியாவது குதிரை; அதன் முதலெழுத்து நீங்கினால் கடலில் எழும் 'திரை'. ஐந்தாவது, முதலில் நான் சொன்ன 'பகல் விளக்கு' போன்ற ஒளித்துவைப்பு. ஆறாவது, நாம் நன்கறிந்த சிலேடை. "எண்ணாகவும் வரும், வெள்ளமாகவும் வரும்" என்றால் 'ஆறு' என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இவற்றைக் கேட்கும்போது தமிழ் பயிலும் மாணவர்களுக்குச் சித்திரகவிகள் நினைவுக்கு வரலாம். முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படும் மாலைமாற்றும், ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை மறைத்துவைக்கும் கரந்துறை செய்யுளும், தனித்தனி வினாக்களின் விடைகள் சேர்ந்து ஒரு சொல்லாகும் வினாவுத்தரமும் தண்டியலங்காரம் வகுத்துரைத்தவை. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து இவற்றைக் கற்றனர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்குச் சான்று ஏதும் இல்லை. எழுத்தும் இலக்கணமும் வளர்ந்த மொழி எதுவும் தன்னோடு தானே விளையாடத் தொடங்கிவிடும் என்பதே இதிலிருந்து தெளியும் உண்மை.

இனி, நான் அமைத்த குறிப்புகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று விடையின் பொருளைச் சொல்கிறது: பாவிகள் சேருமிடம், ஆசிரியர் எழுதுமிடம், மலைத்து நில். மற்றொன்று விடையின் எழுத்துகளை எப்படிப் பெறுவது என்று சொல்கிறது: நகரத்தைக் கலை, பலவோடு கையைச் சேர், கைதியைத் திருப்பு. பொருள் வழியே சென்றாலும், எழுத்து வழியே சென்றாலும் அதே சொல்லில்தான் வந்து நிற்கவேண்டும். கணக்குப் போட்டபின் விடையைச் சரிபார்ப்பது போல, விடை கண்டவர் தாமே அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மறுநாள் செய்தித்தாள் வந்து "ஆம், அதுவே விடை" என்று சொல்லவேண்டியதில்லை. கோமுட்டிப் பனையின் நார் பற்றிய குறிப்பில் இல்லாதது இந்தச் சரிபார்ப்பே.

போர்க்காலத்தில் இந்தக் கலை வேறோர் அரங்கில் ஏறியது. 1942-இன் தொடக்கத்தில், டெலிகிராஃப் புதிர்கள் மிகவும் எளியவை, சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன என்று வாசகர் சிலர் எழுதினார்கள். அப்படியானால் பன்னிரண்டு நிமிடத்துள் முடித்துக் காட்டுங்கள் என்று ஓர் அறைகூவல் எழுந்தது. ஜனவரி மாதத்தில் நாளிதழின் அலுவலகத்திலேயே போட்டி நடந்தது. சிலர் அந்தக் காலவரைக்குள் முடித்துக் காட்டினார்கள். கதை அத்துடன் முடியவில்லை. அவ்வாறு திறமை காட்டியவர்களுள் சிலருக்குப் பின்னர் அரசாங்கத்திடமிருந்து இரகசியக் கடிதம் வந்தது. பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் ஜெர்மானியரின் மறைமொழிச் செய்திகளை உடைத்துப் படிக்கும் பணிக்கு அவர்கள் அழைக்கப்பட்டார்கள். பொருளுக்கு மயங்காமல் எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் கண் அங்கே தேவைப்பட்டது.

இரண்டாண்டு கழித்து அதே டெலிகிராஃப் புதிர் அச்சத்தையும் விளைவித்தது. 1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின என்பதை வரலாற்றில் படித்திருப்பீர்கள். அந்தப் படையெடுப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மறைபெயர் இருந்தது. இறங்கும் கடற்கரைகளில் இரண்டு 'யூட்டா', 'ஒமாஹா'. முழுத் திட்டமும் 'ஓவர்லார்டு'. இழுத்துச் செல்லும் செயற்கைத் துறைமுகம் 'மல்பெரி'. கடற்படைப் பகுதி 'நெப்டியூன்'. உயிரினும் மேலாகக் காக்கப்பட்ட இந்த ஐந்து சொற்களும் மே 2ஆம் நாளுக்கும் ஜூன் 1ஆம் நாளுக்கும் இடையே டெலிகிராஃப் குறுக்கெழுத்தின் விடைகளாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன!

புதிரை அமைத்தவர் லெனர்டு டாவ் என்னும் பள்ளித் தலைமையாசிரியர். 1925 முதலே அந்நாளிதழுக்குப் புதிர் எழுதிவந்தவர். குண்டுவீச்சுக்கு அஞ்சி அவருடைய பள்ளி இலண்டனிலிருந்து சர்ரே மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தது. உளவுத்துறை அதிகாரிகள் அங்கே சென்று அவரைத் துருவித் துருவி விசாரித்தார்கள். எதிரிக்குச் செய்தி அனுப்பும் ஒற்றரோ என்பது அவர்கள் ஐயம். ஆயிரமாயிரம் வீரர்களின் உயிர் அந்த ஐயத்தின் ஒரு தட்டில்; அரசுக்கு எக்குற்றமும் செய்யாத ஓர் ஆசிரியரின் மானமும் வாழ்வும் மறுதட்டில். சொற்களுக்கு அவர் தரவேண்டிய விளக்கம் எளிதன்று. இந்தச் சொற்களை ஏன் எழுதினீர் என்று கேட்டால், ஏன் எழுதக்கூடாது என்பதைத் தவிர வேறு என்ன விடை சொல்லமுடியும்? இறுதியில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 1958-இல் பி.பி.சி.க்கு அளித்த பேட்டியில் அவரே இதை விவரித்தார்.

நாற்பதாண்டுகளுக்குப் பின், 1984-இல், அப்பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் புதிய செய்தி சொன்னார். டாவ் வெற்றுக் கட்டங்களை மாணவர்களிடம் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம். பின்னர் அச்சொற்களுக்குத் தாம் குறிப்பு எழுதுவாராம். அண்மையில் பாசறை அமைத்திருந்த படைவீரர்களிடம் சிறுவர்கள் பழகி, அவர்கள் வாயில் அடிபட்ட பெயர்களைப் பொருளறியாமலே கட்டங்களில் எழுதிவிட்டார்களாம். இதுவே முழு உண்மையாயினும், ஒரு பகுதி தற்செயலே ஆயினும், ஒன்று தெளிவு. கட்டத்தில் ஒரு சொல் அமர்ந்திருப்பதை மட்டும் கொண்டு அதை எழுதியவரின் உள்ளத்தை அளந்துவிட முடியாது. சான்று வேறு, பொருத்தம் வேறு. பொருத்தம் கண்ட இடத்திலெல்லாம் சான்று கண்டதாக மயங்குவது புதிர் அவிழ்ப்போர்க்கும் பிழை; நீதி வழங்குவோர்க்கும் பிழை.

போர் ஓய்ந்தபின் புதிராசிரியர்கள் தங்களுக்குத் தாங்களே சட்டம் வகுக்கத் தொடங்கினார்கள். பி.பி.சி. வானொலி நிலையம் வெளியிட்ட 'தி லிசனர்' என்னும் வார இதழில் 1930 முதல் மிகக் கடினமான புதிர் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு எழுதியவர்களுள் ஒருவர் ஏ. எஃப். ரிச்சி. அரபுக் கதைகளில் வரும் 'அஃப்ரித்' என்னும் பூதத்தின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே அந்தப் பூதமாகிவிட்டதைக் கவனியுங்கள். 1949-இல் வெளிவந்த தம் நூலில் அவர் புதிராசிரியனுக்கு ஒரு கடமையை விதித்தார். அதன் சாரம் இதுதான்: வாசகனைத் தவறான வழியில் எண்ணவைக்கும் உரிமை உனக்கு உண்டு, ஆனால் நீ எழுதிய சொற்களை எழுதியவாறே, நேராகப் பொருள்கொண்டு பார்த்தால் அவை விடையையே சொல்லவேண்டும். மயங்குவது வாசகன் பொறுப்பு. பொய் சொல்லாதிருப்பது ஆசிரியன் பொறுப்பு.

தொர்க்கேமாதாவுக்குப் பின் அப்சர்வர் இதழின் பணியை ஏற்ற டி. எஸ். மேக்நட் இந்த அறத்தை விரிவாக வகுத்தார். கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த பள்ளியாசிரியர் அவர். ஸ்பெயினின் மற்றொரு சமய விசாரணைத் தலைவரான ஷிமெனிஸின் பெயரை அவர் சூடினார். 1966-இல் அவர் எழுதிய குறுக்கெழுத்துக் கலை நூல் பல புதிராசிரியர்களுக்கு இலக்கண நூலாயிற்று. குறிப்பில் பொருள் விளக்கம் இருக்கவேண்டும், விடையை ஆக்கிக்கொள்ளும் வழி இருக்கவேண்டும், இவையல்லாத வீண்சொல் ஒன்றும் இருக்கலாகாது, இலக்கணம் வழுவலாகாது. இவையே அவர் வற்புறுத்தியவை. எல்லாரும் அவரை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்லமுடியாது. கட்டுப்பாடு மிகுந்தால் கற்பனை குன்றும் என்று மறுத்தவர்களும் உண்டு. இன்றளவும் இரு சாரார் உள்ளனர். 1971-இல் அவர் மறைந்தபின் அடுத்த ஆண்டு அப்பணிக்கு வந்தவர் 'ஏஜெட்' என்று பெயர் வைத்துக்கொண்டார். டேஸா என்ற மற்றுமொரு விசாரணைத் தலைவரின் பெயரைத் திருப்பி எழுதினால் அப்பெயர் கிடைக்கும். மரபையும் விடவில்லை, விளையாட்டையும் விடவில்லை!

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவிலும் குறுக்கெழுத்து பரவியது. தமிழ் இதழ்களும் அதை வெளியிட்டன. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு, வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் சொற்களை ஓடவிட்டுத் தமிழ்ப் புதிர்கள் புதுவழி கண்டன. ஆனால் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெரும்பரிசு தருவதாக விளம்பரம் செய்த போட்டிகளும் நாடெங்கும் பெருகின. அவற்றின் குறிப்புகள் எத்தகையவை? ஓர் எடுத்துக்காட்டை நானே அமைக்கிறேன். "இது மிகுந்தால் மனிதன் மாறிவிடுவான், மூன்றெழுத்து." முதலெழுத்து ப, மூன்றாம் எழுத்து ம். நடுவெழுத்து யாது? 'பணம்' என்றாலும் பொருந்தும். 'பலம்' என்றாலும் பொருந்தும். 'பயம்' என்றாலும் பொருந்தும். எது சரி என்று எந்த அறிஞராலும் சொல்லமுடியாது. உறையிலிட்டு முத்திரை வைத்த விடை எதுவோ அதுவே சரி. இத்தகைய இடங்கள் எட்டு இருந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்கள் பொருந்துமானால், மொத்தம் 6,561 வகையாக நிரப்பலாம். அவற்றுள் ஒன்றுக்கே முழுப் பரிசு. இது புதிர் அன்று, பகடை. சொல்லின் ஆடையை உடுத்திய பகடை.

1955-இல் இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ரூ. 1,000-க்கு மேற்படும் போட்டிகளை அது தடுத்தது. குறுக்கெழுத்துப் போட்டி என்பதைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. போட்டி நடத்தியவர்கள், தொழில் செய்யும் உரிமை பறிக்கப்படுகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். 1957-இல் உச்ச நீதிமன்றம் சமர்பாக்வாலா வழக்குகள் எனப்படும் இரண்டில் தீர்ப்பு வழங்கியது. பம்பாய் அரசு தொடர்பான வழக்கில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ், ரிக் வேதத்துச் சூதாடியின் புலம்பலையும் மகாபாரதத்தையும் எடுத்துக்காட்டி, சூது நம் மரபில் என்றும் பழிக்கப்பட்டதே என்றார். மைய அரசின் சட்டம் பற்றிய வழக்கில் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை பெற்ற நம் தமிழ்நாட்டுச் சட்ட அறிஞர் அவர். வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்திராத போட்டிகளுக்கே இச்சட்டம் பொருந்தும். திறமையால் வெல்லும் போட்டி வேறு, தற்செயலால் வெல்லும் போட்டி வேறு. பின்னது சூது, அதற்குத் தொழிலுரிமைப் பாதுகாப்பு இல்லை. இதுவே அத்தீர்ப்பின் கருத்து.

இலண்டன் புதிராசிரியர்கள் கேட்ட கேள்வியும், நம் நீதிபதிகள் கேட்ட கேள்வியும் ஒன்றே என்பதைக் கண்டீர்களா? விடையை அடைவதற்குக் குறிப்பு வழி தருகிறதா, இல்லையா? வழி தந்தால், எவ்வளவு வளைந்த வழியாயினும் அது அறிவுக்கு இட்ட அழைப்பு. வழி தராவிட்டால், எவ்வளவு எளிய சொற்களால் எழுதப்பட்டிருந்தாலும் அது பாமரர் பையைத் தடவும் கை. 'பணமா, பலமா, பயமா' என்று வீட்டுச் செலவுக்குரிய நாணயத்தைச் செலுத்திக் காத்திருந்தவர்கள் ஏமாந்தது தங்கள் அறிவின்மையால் அன்று. அறிவுக்கே அங்கு வேலையில்லை.

மாணவர்களே, நீங்கள் நாள்தோறும் சொற்களின் நடுவே வாழப்போகிறீர்கள். விளம்பரம், மேடைப்பேச்சு, ஒப்பந்தப் பத்திரம், செய்தித் தலைப்பு எல்லாம் சொற்களே. அவற்றுள் பல, குறுக்கெழுத்துக் குறிப்பைப் போலவே ஒன்றைச் சொல்லி மற்றொன்றை எண்ணவைக்கும். ஒரு தொடரைக் கண்டதும் அது எழுப்பும் தோற்றத்தில் மயங்காமல், "இங்கே உண்மையில் எழுதப்பட்டிருப்பது என்ன?" என்று நின்று கேட்கும் பழக்கத்தை இவ்விளையாட்டு தருகிறது. பிறருக்குக் குறிப்பு எழுத முயன்றால் அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் பொய் கலவாமல் எழுதவேண்டும் என்னும் ஒழுக்கம் கைக்கு வரும்.

முடிக்குமுன் ஒரு குறிப்பை விடை சொல்லாமலே விட்டுச் செல்கிறேன். "கதைக்குள் விடுகதையின் தலை நுழைந்தால் பாட்டாகும், எழுத்து மூன்று." பொருளும் அதிலேயே இருக்கிறது, எழுத்தும் அதிலேயே இருக்கிறது. விடை கண்டபின் சரியா என்று என்னை நீங்கள் கேட்கவேண்டியிராது.